மணிலாவின் பச்சை மேசைகள்



பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகராம் மணிலாவில், கியாப்போ என்னும் நெருக்கடி மிகுந்த பகுதியில், பொன்வண்ணக் குவிமாடத்துடன் ஒரு பள்ளிவாசல் நிற்கின்றது. 'மஸ்ஜிதுத் தஹப்', அதாவது பொற்பள்ளி என்பது அதன் பெயர். லிபிய அதிபர் கடாஃபி வருகை தரவிருந்ததை முன்னிட்டு 1976ஆம் ஆண்டில் அது எழுப்பப்பட்டது. அவர் வரவில்லை, பள்ளி மட்டும் நிலைத்துவிட்டது. அழைக்கப்பட்டவர் வராவிடினும், அழைப்பொலி கேட்டு ஐந்து வேளையும் மக்கள் அங்கு வந்துகொண்டிருக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்!

என் துணைவியாரின் தம்பி மணிலாவில் பணிபுரிகின்றார். அவருடைய அழைப்பின் பேரில் மத்ரஸா விடுமுறையில் பன்னிரண்டு நாள்கள் அங்குத் தங்கியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. பள்ளிவாசலையும் முஸ்லிம்களின் கடைத்தெருவையும் காண்பதே என் நோக்கமாக இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் நெஞ்சை விட்டு அகலாதிருப்பது, பள்ளிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு சந்தினுள் நான் கண்ட பச்சைத் துணி விரித்த மேசைதான். மார்க்கக் கல்வி போதிக்கும் ஒருவன் விளையாட்டுக் கூடத்தைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். இறுதிவரை படித்த பின்னர் உங்கள் தீர்ப்பைக் கூறுங்கள்.

இழந்த ஊர்

ஸ்பானியர் வருவதற்கு முன்னர் மணிலா ஒரு முஸ்லிம் அரசரின் ஊராக இருந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். ராஜா சுலைமான் என்பவர் அங்கு ஆட்சி புரிந்தார். 1571ஆம் ஆண்டில் ஸ்பானியர் அந்நகரைக் கைப்பற்றினர். அதன்பின் 1898 வரை ஸ்பானியர் ஆட்சி, தொடர்ந்து அமெரிக்கர் ஆட்சி, 1946இல் விடுதலை. இன்று அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே முஸ்லிம்கள். அவர்களுள் பெரும்பாலோர் தெற்கே மிந்தனாவோ தீவிலும் சூலுத் தீவுகளிலும் வாழ்கின்றனர். அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்த மரனாவோ மக்களே கியாப்போவில் மிகுதி. அவர்களுடைய உணவுக் கடையில் இஞ்சி, மிளகாய், வெங்காயத் தாள், வறுத்த தேங்காய் சேர்த்து இடித்த 'பலாபா' என்னும் தொடுகறியைச் சுவைத்தபோது, நம் வீட்டு அம்மியின் நினைவு வந்தது.

மணிலாவின் தெருக்களில் 'ஜீப்னி' என்னும் வண்ண வண்டிகள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, இருக்கைகள் அமைத்து, ஓவியம் தீட்டித் தம் மக்களுக்கான ஊர்தியாக மாற்றிக்கொண்டனர். அந்நியர் விட்டுச்சென்றதை எடுத்துத் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் அம்மக்களுக்கு உண்டு. நான் கூறவிருக்கும் விளையாட்டின் கதையும் அத்தகையதே.

மேசையும் பதினைந்து பந்துகளும்

ஒரு நாள் அஸர் தொழுகை முடித்து வெளியே வந்தோம். "மச்சான், இந்த ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா ஒரு இடத்தைப் பார்த்தே ஆகணும்" என்று மைத்துனர் என்னை ஒரு சந்துக்குள் அழைத்துச் சென்றார். தகரக் கூரை, கீழே நான்கு மேசைகள், மேலே தொங்கும் விளக்குகள். 'பில்யாரன்' என்று அவர்கள் அழைக்கும் பில்லியர்ட்ஸ் கூடம் அது. தொப்பியும் நீளச் சட்டையுமாக நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். உள்ளே இரு மேசைகளில் பணம் கைமாறுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

என் கண் கடைசி மேசையில் நிலைத்தது. அறுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். தாத்தா என்னும் பொருள்பட 'லோலோ' என்று அவரை எல்லாரும் விளித்தனர். அம்மேசையில் பணமில்லை. சிறுவன் குச்சியை நீட்டியதும் முதியவர் கையுயர்த்தித் தடுத்தார், ஏதோ கேட்டார். சிறுவன் மேசையின் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். பிறகே அடிக்க விட்டார். பந்து குழியில் விழுந்தது. ஆயினும் அவர் மகிழவில்லை. பந்தை எடுத்து மீண்டும் பழைய இடத்திலேயே வைத்தார்.

"ஏன் அப்படிச் செய்கிறார்?" என்று வினவினேன்.

"பந்து விழுந்தா மட்டும் போதாது மச்சான். அடிச்ச பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிக்கும்னு பையன் முன்கூட்டியே சொன்னான் இல்லையா, அங்கே அது நிக்கலை. அதனால மறுபடியும் அடிக்கணும்" என்றார் மைத்துனர்.

நம் வீடுகளில் கேரம் ஆடாதவர் அரிது. ஸ்ட்ரைக்கரால் காயை அடித்துக் குழியில் வீழ்த்துவது போலவே, இங்கு வெள்ளைப் பந்தால் வண்ணப் பந்துகளை வீழ்த்த வேண்டும். உலகப் போட்டிகளில் 'ஒன்பது பந்து' என்னும் ஆட்டமே பெரும்புகழ் பெற்றது. 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள். மேசையிலிருப்பவற்றுள் சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாக வீழ்த்துபவர் வென்றவர்.

பிலிப்பைன்ஸ் மக்களோ தலைமுறை தலைமுறையாக ஆடிவருவது 'ரொட்டேஷன்' என்னும் ஆட்டம். அதில் பதினைந்து பந்துகள். சிறிய எண்ணை முதலில் தொடவேண்டும் என்ற விதி அதற்கும் உண்டு. விழும் பந்தின் எண்ணே மதிப்பெண். 1 முதல் 15 வரை கூட்டினால் 120. ஆகவே 61 பெற்றவர் வென்றவர். மேசை நிறையப் பந்துகள் கிடப்பதால், தொட வேண்டிய பந்து பெரும்பாலும் வேறொன்றின் பின்னால் மறைந்தே கிடக்கும். வெள்ளைப் பந்தை ஓரச்சுவர்களில் ஒன்றிரண்டு முறை மோதவிட்டு, சுற்றி வந்து, மறைந்திருப்பதைத் தொடச் செய்ய வேண்டும். பதினைந்து பந்துகளின் நெரிசலில் வழி கண்டுபிடித்துப் பழகிய கைக்கு ஒன்பது பந்துகளின் மேசை திறந்த வெளியாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

அந்த முதியவர் சிறுவனிடம் அடிக்கடி ஒன்றைக் கூறிக்கொண்டிருந்தார். மைத்துனர் அதனைப் பெயர்த்துச் சொன்னார்: "பந்து தெரியலைன்னு கலங்காதே, மேசைக்கு நாலு சுவர் இருக்கு."

உலகை வியக்க வைத்த சிறுவன்

எஃப்ரன் ரேயெஸ் என்பவர் 1954ஆம் ஆண்டில் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தார். ஐந்தாம் வயதில் மணிலாவில் மேசைக் கூடம் நடத்திய உறவினரிடம் வளர அனுப்பப்பட்டார். கூடத்தைத் துப்புரவு செய்வதும் ஏவல் பணிகளும் அவர் வேலை. இரவில் மேசையின் மீதே உறக்கம். மேசை எட்டாத உயரத்தில் இருந்தமையால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் ஏறி நின்று பழகினார். 'பாத்தா', அதாவது சிறுவன் என்ற பட்டப்பெயர் முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை வென்றபோது, அப்பட்டத்தைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் அவரே. 1999இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் உலக வாகையரானார். மறைந்து கிடக்கும் பந்தை அவர் தேடித் தொடும் விதத்தைக் கண்டு உலகம் அவரை 'மந்திரக்காரர்' என்றது. மந்திரமன்று, மணிலாச் சந்துகளின் ரொட்டேஷன் ஆட்டமே அது.

அவருக்குப் பின் அந்நாட்டினர் அணிவகுத்தனர். ரொனாட்டோ அல்கானோ 2006இல் மணிலாவிலேயே உலகப் பட்டம் வென்றார். கோல்ஃப் மைதானத்தில் பை சுமந்து பிழைத்த கார்லோ பியாடோ 2017இல் கத்தார் நாட்டுத் தோஹாவிலும், 2025இல் சவூதி அரேபியாவின் ஜித்தாவிலும் உலக வாகையரானார். பெண்களில் ரூபிலென் அமித் 2024இல் நியூசிலாந்தில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தைப் பெற்றார்.

இவர்களுள் பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயின் வரலாறு கல்நெஞ்சையும் கரைக்கும். 2002ஆம் ஆண்டு கார்டிஃபில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஊரில் அவருடைய கைக்குழந்தை இறந்த செய்தி எட்டியது. துயரத்தைச் சுமந்தபடியே இறுதி ஆட்டம் வரை சென்று, 17க்கு 15 என்ற கணக்கில் தோற்றார். எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 2010இல் தோஹாவில் அப்பட்டத்தை வென்றார். பொறுமை பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எனக்கு இந்த எட்டு ஆண்டுகள் ஒரு பாடமாக அமைந்தன.

சூதுதான் வளர்த்ததா?

இப்பொழுது ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் கூறியாக வேண்டும். மணிலாவின் கூடங்களில் பந்தயப் பணம் பெருகி ஓடுகின்றது. ரேயெஸ் 1985இல் முதன்முதலாக அமெரிக்கா சென்றபோது, தம் புகழ் அங்கு முன்னரே எட்டியிருந்ததால், 'சீசர் மொராலெஸ்' என்ற மாற்றுப் பெயரில் ஆடினார். பெயரை மறைத்து எதிரியை ஏமாறச் செய்வதைத் திறமை என்று நாம் பாராட்ட இயலாது. இறைமறையின் அல்மாயிதா அத்தியாயம் சூதாட்டத்தை மதுவுடன் சேர்த்தே விலக்குகின்றது. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

வாசலில் நின்றபடி நான் இதைச் சொன்னபோது மைத்துனர் சிரித்தார். "மச்சான், காசு இல்லைன்னா இந்த ஊர்க்காரன் இவ்வளவு கத்துக்கிட்டிருப்பானா?" என்று கேட்டார். அக்கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. விடை தேடிப் பிற நாடுகளின் வரலாற்றைப் புரட்டினேன்.

அமெரிக்காவில் முற்காலத்தில் கோலோச்சியது 'ஸ்ட்ரைட் பூல்' என்னும் ஆட்டம். அதில் எந்தப் பந்தை வீழ்த்துவது, எந்தக் குழியில் என்று ஆடுபவரே முன்கூட்டி அறிவிப்பார். எளிதானவற்றை வரிசைப்படுத்தி, வெள்ளைப் பந்தைச் சிறுசிறு தூரம் நகர்த்தித் தொடர்ந்து வீழ்த்துவதே அதன் கலை. வில்லி மோஸ்கோனி 1954இல் ஒரே தொடரில் 526 பந்துகளை வீழ்த்தினார். அச்சாதனை 65 ஆண்டுகள் நின்றது. அந்த மரபு ஒழுங்கைக் கற்பித்தது. மறைந்திருப்பதைத் தேடும் கலையை ரொட்டேஷன் அளவுக்குக் கற்பிக்கவில்லை.

ஜெர்மானியரின் வழி வேறு. அவர்கள் கழகங்கள் அமைத்து, லீக் போட்டிகள் நடத்தி, பயிற்சியாளரை அமர்த்திப் பள்ளிப் பாடம் போலவே பயில்கின்றனர். ஆலிவர் ஓர்ட்மன் 1995இலும், ரால்ஃப் சூகே 1996இலும், தோர்ஸ்டன் ஹோமான் 2003, 2013 ஆகிய ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றனர். அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் 1994 முதல் மோஸ்கோனியின் பெயரால் ஆண்டுதோறும் மோதுகின்றன. தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கர் ஓங்கியிருந்தனர். 2020 முதல் 2024 வரை ஐந்து முறையும் ஐரோப்பியரே வென்றனர். தனித்தனி வீரர்களின் துணிவைக் காட்டிலும் கூடிப் பயின்றவர்களின் ஒழுங்கு மேலோங்கிவிட்டது.

தைவான் தீவினரோ சிறுவயதிலேயே கடும் பயிற்சியில் ஈடுபடுகின்றனர். 2005இல் அவர்களுடைய வூ ஜியாச்சிங் உலக வாகையரானபோது அவருக்கு வயது 16.

நம் துணைக்கண்டத்தில் இம்மேசை வெள்ளையரின் மன்றங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பிறந்து, நம் உதகமண்டலத்து மன்றத்தில் விதிகள் பெற்றது. மன்றங்களில் பில்லியர்ட்ஸ் ஆட்டமே மதிப்புப் பெற்றிருந்ததால், நம்மவர் புகழும் அதிலேயே மலர்ந்தது. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தை வென்றவர் இலங்கை முஸ்லிமான எம். ஜே. எம். லாஃபிர் என்பதை இளைய தலைமுறைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆக, எந்நாட்டில் எந்த ஆட்டம் மக்களிடையே வேரூன்றியதோ, அதற்கேற்ற திறமையே அங்கு விளைகின்றது. ஜெர்மானியர் கழகத்தால் வளர்ந்தனர். தைவானியர் பயிற்சியால் வளர்ந்தனர். மணிலாவிலும் பணத்தாசை பலரை மேசைக்கு இழுத்திருக்கலாம். ஆனால் இழுத்தது வேறு, கற்பித்தது வேறு. கற்பித்தது கடினமான ஆட்டமும், நெடுங்காலப் பழக்கமும், பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரும். பணம் கைமாறிய மேசைகளில் தோற்றவன் எழுந்து போனான்; எவரும் பந்தை மீண்டும் எடுத்து வைக்கவில்லை. கடைசி மேசையில்தான் கல்வி நடந்தது.

நான் செய்த பிழை

வாசகர்களே, அந்த முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் கலங்கியதன் காரணத்தை இப்பொழுது கூறுகின்றேன்.

பத்தாண்டுகளுக்கு முன்னர் எங்கள் மத்ரஸாவின் விடுதிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பதினைந்து வயது மாணவர் ஒருவர், பன்னிரண்டு ஜுஸ்வுகள் மனனம் செய்திருந்தார், இனிய குரல். அஸருக்குப் பின் கடைவீதியிலுள்ள ஸ்னூக்கர் கூடத்திற்கு அவர் செல்வதாக ஒருவர் வந்து சொன்னார். மறுநாளே அவருடைய வாப்பாவை வரவழைத்தேன். "நான் காசு வச்சு ஆடலை ஹஜ்ரத், மக்ரிப் பாங்குக்கு முன்னாடி வந்துடுவேன்" என்று அச்சிறுவர் கூறினார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அன்று மாலையே தகரப் பெட்டியுடன் அவரை அனுப்பிவிட்டேன். வாசற்படியில் அவருடைய வாப்பா என் கையைப் பற்றிக்கொண்டு நின்றது இன்றும் என் உள்ளங்கையில் உறைக்கின்றது. அம்மாணவர் வேறெங்கும் ஓதச் செல்லவில்லை. வெளியூரில் வெல்டிங் வேலை செய்கின்றார் என்று பிற்பாடு அறிந்தேன்.

கூடத்திற்குச் சென்றது சரியென்று நான் வாதிடவில்லை. அங்கே சூதும் புகையும் தீய சகவாசமும் இருந்தன. ஆனால் பிள்ளைகளுக்கு அஸர் முதல் மக்ரிப் வரை நாங்கள் என்ன வைத்திருந்தோம்? ஒன்றுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அந்த அழகிய முன்மாதிரியைப் பாடமாக நடத்திவிட்டு, பிள்ளைகள் ஓடும் நேரத்தில் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தேன். மணிலாவின் லோலோ பிழைத்துப்போன பந்தை நூறு முறை எடுத்து வைத்தார். நான் ஒரு முறைகூட வைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் எண்ணைத் தேடிப் பிடித்து அவருடன் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். நீண்ட நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "உங்க முட்டு வலி இப்போ எப்படி இருக்கு ஹஜ்ரத்?" என்று கேட்டார். வேறு எதுவும் கூறவில்லை. ஊருக்கு வருமாறு அழைத்திருக்கின்றேன். இன்னும் வரவில்லை.

நம் வீட்டுப் பலகை

2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில், வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் நம் சமுதாயத்து இளம்பெண் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். அப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தாமே கேரம் பழக்கி வந்தவர். அங்கும் பலகையின் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

விளையாட்டைப் பற்றி மார்க்க அறிஞர்கள் பொதுவாகக் கூறும் வரம்புகள் எளியவை: பந்தயப் பணம் கூடாது, தொழுகையும் கடமைகளும் தவறக் கூடாது, பகையும் தீய சொல்லும் கூடாது. இவ்வரம்புகளைக் காவல் காக்க, வெளியே நின்று பழிப்பவரைக் காட்டிலும் உள்ளே அமர்ந்திருக்கும் பெரியவரே பயன்படுவார்.

இப்பொழுது எங்கள் மத்ரஸாவின் முற்றத்தில் இரண்டு கேரம் பலகைகள் இருக்கின்றன. அஸருக்குப் பின் விரிப்போம். மக்ரிப் பாங்கு ஒலித்ததும் காய்களைப் பெட்டியில் இட்டு மூடுவோம். நானும் ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பேன். எனக்கு ஆட்டம் அவ்வளவாக வராது. பிள்ளைகள் என்னைத் தோற்கடித்து மகிழ்கின்றனர். கோபித்துக்கொண்டு எழுந்து செல்லும் பிள்ளையை மறுபடி அழைத்து உட்கார வைப்பதே என் பணி.

பெற்றோர்களே, உங்கள் மகன் மாலை வேளையில் எங்குச் செல்கின்றான் என்று பிறரிடம் விசாரிப்பதற்கு முன், அவனிடமே கேளுங்கள். அவன் ஒரு விடை சொன்னால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

நம் பிள்ளைகளின் கைகளுக்குத் திறமையையும், நம் உள்ளங்களுக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்!